மாம்பூவைக் கிட்டத்தில் எடுத்த படம்

பட்டனைப் பாதி அமுக்கி நிறுத்து என்று என் தம்பி அமெரிக்காவிலிருந்து போனில் சொன்னான். பட்டன் என்றால் ஒன்று அமுக்க வேண்டும், இல்லை சும்மா விட வேண்டும். பாதி அமுக்குவது என்று ஒரு வேலையை நான் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை. "பாதின்னா எதுவரைக்கும்டா?" என்றேன். "கொஞ்சமா அமுக்குக்கா, அதுவே கீன்னு ஒரு சத்தம் குடுக்கும்" என்றான். அமுக்கினேன். சத்தமும் வந்தது, படமும் விழுந்தது. படத்தில் என் செருப்பு இருந்தது.

அவனுக்கு வேண்டியது மாம்பூ. ஒரே ஒரு கொத்து மாம்பூவைக் கிட்டத்தில், பூவுக்குப் பூ தெரிகிற மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும். எதற்கு என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் அந்தத் தை மாதம் முழுக்கப் பைத்தியம் பிடித்தவள் போலத் திரிந்தேன் என்று உங்களுக்குப் புரியாது.

புத்தூரிலிருந்து சத்தியவேடு போகிற வழியில் எங்கள் ஊர். அங்கே எங்களுக்கு ஒரு மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா ரகம், ஓரத்தில் கொஞ்சம் நீலம். எல்லாம் நைனா வைத்த மரங்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தம்பி மேல்படிப்புக்குப் போகும்போது சொத்து காட்டச் சொல்கிறார்கள் என்று தோப்பை அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். "எங்க போவப் போவுது, இங்கதானே இருக்கும்" என்றார். தோப்பு இங்கேயேதான் இருந்தது. பெயர் மட்டும் கடல் தாண்டிப் போய்விட்டது.

கம்பெனிகளுக்கென்றே ஸ்ரீ சிட்டி வந்த பிறகு எங்கள் பக்கத்து நிலத்துக்கெல்லாம் புது மவுசு வந்தது. என் வீட்டுக்காரர்கூட அங்கே ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போனார். கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், திரும்ப வந்து இறக்கிவிட்டுப் போகும், மீதி நேரம் அவர் தூங்குவார். பஸ் வந்த பின்னாலேயே லேஅவுட் போடுகிறவர்களும் வந்தார்கள். சவுக்கைத் தோப்பு, வேர்க்கடலைக் காடு எல்லாம் கல் நட்டு பிளாட் ஆனது. எங்கள் தோப்பு ரோட்டை ஒட்டி இருந்ததால் அவர்களுக்கு அதன் மேல் ஒரு கண். நைனாவிடம் பேசிப் பார்த்தார்கள். அவர் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். பெயர் யாருடையது என்று தெரிந்ததும் நேராகத் தம்பியைப் போனில் பிடித்துவிட்டார்கள்.

தம்பி என்னைக் கூப்பிட்டான். "அக்கா, இந்த வருஷம் பூவு எப்படி கீது?"

"நல்லா கீதுடா. வந்து பாரு."

"எங்கக்கா வர்றது, லீவு குடுக்க மாட்டான். படம் எடுத்து அனுப்பு. பூவு நல்லா இருந்தா தோப்பு இருக்கட்டும். போன வருஷம் மாதிரி சாம்பல் அடிச்சிருந்தா கேக்கறவங்களுக்கே வுட்டுடலாம். நைனாவால இனிமே மருந்து அடிச்சிக்கினு இருக்க முடியாது."

அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் மாந்தோப்பைப் பூவில்தான் பேசுவார்கள். காய்க்கும்வரை வியாபாரி காத்திருக்க மாட்டான். பூ எடுக்கும்போதே வருவான், கொத்தை வளைத்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோவான், உள்ளங்கையில் தட்டிப் பூச்சி விழுகிறதா என்று பார்ப்பான், அடியில் மிளகு போலப் பிஞ்சு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பான். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா மரமும் பொன்னாகத்தான் தெரியும். போன வருஷம் அப்படித் தெரிந்த தோப்புதான் சாம்பல் நோய் வந்து, மாவு தூவியது போல வெளுத்து, அப்படியே கொட்டிப்போனது. 'பூடித தெகுலு' என்று விவசாய ஆபீசில் தெலுங்கில் எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தால் ஆயிற்றா, கொட்டினது கொட்டினதுதான். அதனால் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று தம்பி கேட்டது நியாயம். அந்தத் தோப்பு நிற்பதும் போவதும் ஒரு படத்தில் வந்து நின்றதுதான் அநியாயம்.

என் செல்போனிலும் கேமரா இருந்தது. அதில் எடுத்தால் மனுஷரே கரிப்பானை போலத் தெரிவார்கள். தம்பியின் சிநேகிதர் ஒருவர் திருப்பதிக்கு மொட்டை அடிக்க வந்தவர், தம்பி கொடுத்தனுப்பிய டிஜிட்டல் கேமராவை என்னிடம் சேர்த்தார். சோப்புக்கட்டி அளவு, வெள்ளி நிறம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கூடவே ஒரு புத்தகம், அதில் உலகத்தில் உள்ள பாஷையெல்லாம் இருந்தது, தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. பின்பக்கத்தில் ஒரு பட்டனுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூ பொம்மை. கிட்டத்தில் எடுக்கும்போது அதை அமுக்க வேண்டும் என்று தம்பி சொன்னான்.

அமுக்கினேன். கொத்துக்கு எதிரில் கேமராவை வைத்தேன். வெயிலில் அதன் திரை கறுப்பாகிவிட்டது, அதில் என் மூஞ்சிதான் தெரிந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கூடாரம் மாதிரி ஆக்கிப் பார்த்தேன். பூ தெரிந்தது. அமுக்கப் போகிற நேரம் காற்று வந்தது. காற்று நின்றபோது ஈ வந்தது. ஈயை விரட்டினால் கிளை ஆடியது. கிளையை ஒரு கையால் பிடித்தால் கேமராவைப் பிடித்த கை ஆடியது. எல்லாம் அடங்கிய ஒரு நேரத்தில் கேமராவே "கீ" என்று கத்திவிட்டு, பளீர் என்று வெளிச்சத்தைக் கக்கியது. பட்டப்பகலில் எதற்கு வெளிச்சம் என்று அதைக் கேட்பதற்கு அந்தப் புத்தகத்தில் பாஷை இல்லை.

எடுத்ததையெல்லாம் புத்தூர் நெட் சென்டருக்குக் கொண்டுபோனேன். கடைக்காரப் பையன் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினான். மஞ்சளாக என்னவோ கலங்கிக் கிடந்தது. "ஏமி அக்கா இதி, பொகா?" என்றான். புகையாம். மூக்கில் ஏறியது எனக்கு. புகையோ நெருப்போ, அனுப்புடா என்று அனுப்பச் சொன்னேன்.

மறுநாள் விடியலில் தம்பியின் போன். "பூவு எங்கக்கா? பின்னாடி கீற எலைதான் ஜோரா வந்துக்கீது. நரம்பு நரம்பா தெரியுது."

"எலைய வெச்சி முடிவு பண்ணிக்கோ" என்றேன்.

"சும்மா இருக்கா. இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னு எடு."

தள்ளி நின்று எடுத்தேன். தள்ளி நின்றால் கிட்டே போ என்றான். கிட்டே போனால் ரொம்பக் கிட்டே என்றான். வாரத்தில் பாதி நாள் நான் புத்தூர் பஸ்ஸில் இருந்தேன். வீட்டில் சோறு ஒருநாள் குழைந்தது, ஒருநாள் கருகியது. நைட் ஷிப்டு முடித்து வந்த வீட்டுக்காரர், "பூவைப் போட்டுக் குழம்பு வைக்கிறதுதானே" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஒரு கொத்தை ஒடித்துக் கொண்டுவந்து, வீட்டுக்குள் காற்றில்லாமல் வைத்து எடுத்திருந்தால் எல்லாம் ஒரே நாளில் முடிந்திருக்கும். நைனா ஒடிக்க விடவில்லை. "பூவ ஒடிக்கறதும் காய ஒடிக்கறதும் ஒண்ணுதான்" என்று முடித்துவிட்டார். அவரிடம் அதற்கு மேல் பேசுவதற்கு மரத்திடம் பேசலாம்.

ஒருநாள் ஈயை அடிக்கக் கையை ஓங்கினேன், அந்த நேரம் பார்த்துக் கேமரா "கீ" என்றது. திரையில் என் சுட்டுவிரல், ரேகை முதற்கொண்டு, அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தது. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பூ சன்னமாக இருப்பதால் அந்தக் கேமராவுக்கு அது கண்ணில் படுவதில்லை, பின்னால் இருக்கிற இலையைத் தேடிப் போகிறது. பூவுக்குப் பக்கத்தில், அதே தூரத்தில் விரலை நீட்டினால் விரலைப் பிடித்துக்கொள்கிறது. பட்டனைப் பாதி அமுக்கியபடியே விரலை எடுத்துவிட்டு, மீதியை அமுக்கினால் பூ விழுகிறது. பாதி அமுக்குவது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதைத் தம்பி முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரிந்தால்தானே.

அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம் இருந்தது. நைனா பார்த்துவிட்டார்.

"பூவுக்கு வெரல் காட்டாதம்மா. பிஞ்சு நிக்காது."

எங்கள் வீட்டில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பூவையோ பிஞ்சையோ விரல் நீட்டிக் காட்டினால் வெம்பி விழுந்துவிடும். வியாபாரிக்குக் காட்டும்போதுகூட நைனா விரலை மடக்கி, முட்டியால்தான் காட்டுவார்.

"காட்டல நைனா. பக்கத்துல வெக்கறேன், அவ்ளோதான்."

"நீ வெக்கறியா காட்டறியான்னு பூவுக்கு இன்னா தெரியும்?"

சரி என்று விரலை மடக்கிக்கொண்டேன். மடக்கிய விரலைக் கேமரா ஏற்றுக்கொண்டது. நைனாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. இப்போது அவருக்குக் கேமராவே உறுத்த ஆரம்பித்துவிட்டது. "அது கண்ணாடி இல்ல, கண்ணு. ஊருக் கண்ணே பொல்லாதது. இது எங்கியோ இருந்துக்கினு பாக்கற கண்ணு" என்றார்.

"ஒம் புள்ள கண்ணுதானே நைனா" என்றேன்.

அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டார்.

விடியற்காலையில் காற்று இருக்காது என்பதால் அடுத்த நாள் இருட்டு பிரிகிற நேரத்துக்கே போனேன். நைனா எனக்கு முன்னாலேயே அங்கே நின்றிருந்தார். நான் எப்போதும் எடுக்கிற கிளைக்கு அடியில்தான் நின்றார். பல் குச்சி ஒடிக்க வந்திருப்பார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும், "எடு, எடு. இப்ப எடு" என்று தாராளமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார். இவ்வளவு நாள் முறைத்துக்கொண்டிருந்தவருக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்க எங்கே நேரம், காற்று எழும்புவதற்குள் எடுக்க வேண்டுமே. விரலை மடக்கி வைத்தேன், பாதி அமுக்கினேன், விரலை எடுத்தேன், மீதியை அமுக்கினேன். கிளை கொஞ்சமும் அசையவில்லை.

நெட் சென்டரில் அந்தப் படத்தைத் திறந்ததும் கடைப் பையன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு பார்த்தான். ஒவ்வொரு பூவும் தனித்தனியாகத் தெரிந்தது. அஞ்சு இதழ், நடுவில் சிவப்புக் கோடு, அடியில் பிஞ்சு. அந்தக் கம்ப்யூட்டர் திரை பழசு, எதைப் போட்டாலும் ஒரு வெளுப்பு ஓடும், அதனால் எனக்கு வித்தியாசமாக எதுவும் படவில்லை. "செம்மக்கா" என்றான். அனுப்பிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் சுடச்சுட மைசூர் போண்டா வாங்கித் தின்றேன். அந்த மாதத்தில் நான் நிம்மதியாகத் தின்றது அதுதான்.

தம்பி கூப்பிட்டபோது அவன் குரல் இறங்கியிருந்தது. "படம் ரொம்ப நல்லா வந்துக்கீதுக்கா" என்றான். பிறகு, "சாம்பல் நோய் வந்துட்டிருக்குது போல. காம்பெல்லாம் வெளுப்பு. பெருசாக்கிப் பாத்தேன், பொடி பொடியா தெரியுது. வுட்டுடலாங்கா" என்றான்.

போனை அப்படியே போட்டுவிட்டுத் தோப்புக்கு ஓடினேன். அந்தக் கிளையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். காம்பில் வெள்ளை வெள்ளையாக இருந்தது. பக்கத்துக் கிளையைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பக்கத்து மரத்தைப் பார்த்தேன், பச்சென்று இருந்தது. தோப்பு முழுக்க அந்த ஒரே ஒரு கிளையில்தான் வெள்ளை. விரலால் துடைத்து மோந்து பார்த்தேன்.

விபூதி.

நைனா வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "நைனா, பூவுல இன்னா தூவினே?" என்றேன்.

"கண்ணு படக்கூடாதுன்னு கொஞ்சம் விபூதி. அதுக்கு இன்னா இப்போ?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கேமராவைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். "அதுக்கு இன்னாவா? ஒம் புள்ள அத நோயின்னு நெனச்சிக்கினு தோப்ப வுட்டுடலாங்கறான். விபூதிய உன் நெத்தியில பூசிக்கினு சும்மா இருக்கக் கூடாதா? மாமரத்துக்கா பூசுவாங்க?" என்று கத்தினேன். பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நைனா பதறிப்போனார். "அப்போ போன் போடு. விபூதின்னு சொல்லு, சாமி விபூதின்னு சொல்லு" என்றார்.

வீட்டுக்கு வந்து போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். நானே சிரிக்கிற நிலைக்கு வந்திருந்தேன். தோப்புக்கு ஒன்றும் இல்லை, பூ நன்றாக இருக்கிறது, துடைத்துவிட்டு வேறு படம் எடுத்தால் முடிந்தது, எனக்குத்தான் இப்போது எடுக்கத் தெரியுமே. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கேங்கா" என்றான். "வேற படம் வாணாம். நான் அவங்களுக்கு வார்த்தை குடுத்துட்டேன்."

"நேத்துதானே படம் போச்சு. அதுக்குள்ள எப்படா குடுத்தே?"

"கேமரா அனுப்பறதுக்கு முன்னாடியே குடுத்துட்டேங்கா. இங்க எல்லாருக்கும் வேலை போய்க்கினு கீது. வீடு வேற வாங்கிட்டேன். நைனா கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பூவுல எதுனா இருந்தா அத சொல்லலாம்னு பாத்தேன்." பிறகு சொன்னான், "அவருகிட்ட நோயின்னே சொல்லிடுக்கா."

அவனை நான் திட்டியது இங்கே எழுதத் தக்கதல்ல. அவன் வேலை, அவன் வீடு, அவன் பயம் எல்லாம் நிஜம்தான், அது எனக்கும் தெரியும். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அழுதுவிட்டு நைனாவிடம் சொல்லியிருப்பேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஈயோடும் காற்றோடும் என்னை எதற்காக மல்லுக்கட்ட வைத்தான்? பூ நன்றாக வந்தால் தோப்பு பிழைக்கும் என்று நம்பித்தானே நான் எடுத்தேன். அவன் அங்கே நோய் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்தேன். நைனா வாசல் படியில் நின்றிருந்தார். "விபூதின்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னான்?"

நோய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினம் அந்த மரங்களுக்கு அடியில் படுத்து எழுந்திருக்கிற மனுஷனிடம் எந்த நோயை நான் சொல்வது? நிஜத்தைச் சொல்லவும் வாய் வரவில்லை.

"விபூதின்னு தெரிஞ்சப்பறமும் குடுக்கறேன்றானா?" என்றார்.

அதற்கும் நான் பேசவில்லை. அவருக்குப் போதுமாக இருந்தது. படியில் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "நோயின்னு நெனச்சி அவசரப்பட்டு வார்த்தை குடுத்துட்டான். அப்படித்தானே?" என்றார்.

"இல்ல நைனா..."

"அப்படித்தாம்மா. கெழவன் விபூதி பூசினதால வந்த வெனை. ஊருல யார் கேட்டாலும் அப்படியே சொல்லு. அவம்மேல ஒரு பேச்சு வரக்கூடாது."

நான் மாட்டேன் என்றேன். உன்னை ஊரே கைகொட்டிச் சிரிக்கும் என்றேன். சிரிக்கட்டும் என்றார். சொன்னதோடு விடவில்லை. சாயந்திரமே டீக்கடைக்குப் போய், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தார். அவர் எதிர்பார்த்தபடியே சிரித்தார்கள். சத்தியவேடு ரோட்டில் அந்தத் தோப்பு இருந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் பஸ்ஸில் யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுப்பார். பொண்ணு போட்டோ எடுத்ததாம், அப்பன் விபூதி பூசினானாம், தோப்பே போச்சாம் என்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். சில வருஷம் கழித்துத் தம்பி குடும்பத்தோடு குழந்தைக்கு மொட்டை போட வந்தான். மலையிலிருந்து இறங்கி, திருப்பதியில் ஓர் ஓட்டலில் எல்லோரும் டிபன் சாப்பிட உட்கார்ந்தோம். அவன் மாமனார் வீட்டு ஆட்களும் இருந்தார்கள். உங்களுக்கு நிலம் ஏதும் இருக்கிறதா என்று அவர்களில் ஒருவர் கேட்டார். "ஒரு மாந்தோப்பு இருந்துது" என்று தம்பி ஆரம்பித்தான். கேமரா அனுப்பியதைச் சொன்னான், நான் எடுத்த புகைப் படங்களைச் சொன்னான், விபூதியைச் சொன்னான். "நான் அத நோயின்னு நெனச்சி அவசரப்பட்டு வார்த்தை குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தான். அவன் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்கிறவன் முகமாக அது இல்லை. நைனா ஊருக்குச் சொன்ன கதை போனில் சுற்றிச் சுற்றி அவனிடமே போய்ச் சேர்ந்து, அவனும் அதை நம்பிவிட்டிருந்தான்.

மேஜையே சிரித்தது. நான் வாயைத் திறந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த நைனா என்னைப் பார்த்தார், பிறகு தம்பியின் மாமனார் பக்கம் திரும்பி, "கொஞ்சமா பூசியிருந்தாலும் பரவால்லைங்க, பை நெறைய கொண்டுபோய் கொட்டிட்டேன்" என்று சொல்லித் தானும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டில் இட்லி அப்படியே இருக்க, எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டேன்.